ஒரே விளையாட்டுக்கு ஒரு கடை: நான்கில் எது தேறும்?

ஒரே ஒரு விளையாட்டுக்கென்று தனிக்கடை திறக்க நினைப்பவர்கள் முதலில் விசாரிப்பது, எந்த விளையாட்டுக்கு ரசிகர்கள் அதிகம் என்பதை. ரசிகரால் கடைக்கு என்ன லாபம்? அவர் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருக்கிறார். கடைக்கு வேண்டியவர் வியர்க்க விளையாடுகிறவர். அவரைப் பற்றி இரண்டு விஷயங்கள் தெரிந்தால் போதும். எத்தனை நாளுக்கு ஒருமுறை திரும்பி வருவார்? வருகிற வேலையைக் கடைக்காரர் கைபட்டுத்தான் செய்ய வேண்டுமா, இணையத்தில் வாங்கியே முடித்துக்கொள்வாரா? கிரிக்கெட், ஓட்டம், பேட்மிண்டன், டேபிள் டென்னிஸ் நான்கையும் இந்த உரைகல்லில் உரசிப் பார்த்தேன்.

ஆசையில் முன்னால் நிற்பது கிரிக்கெட். அதற்கு நியாயமும் உண்டு. மட்டை என்பது மரம். ஒரே தரம், ஒரே எடை என்று முத்திரை குத்திய இரண்டு வில்லோ மட்டைகளில் ஒன்றில் பந்து துள்ளும், மற்றொன்றில் மந்தமாக விழும். தட்டிப் பார்த்து, தூக்கிப் பார்த்து வாங்க வேண்டிய பொருள் என்பதால் இணையம் இங்கே தோற்கிறது. புது மட்டைக்கு ஆளிவிதை எண்ணெய் தடவி, மரச்சுத்தியலால் மணிக்கணக்கில் தட்டிப் பதப்படுத்தித் தருவது, கைப்பிடி ரப்பர் மாற்றுவது, விரிசலை ஒட்டி நூல் சுற்றுவது என்று கைவேலையும் நிறைய.

அலமாரியில்தான் வினை இருக்கிறது. சிறுவர்களுக்கான மட்டைகளே ஒன்று முதல் ஆறு வரை அளவு எண் கொண்டவை. அதற்கு மேல் ஹாரோ என்ற அளவு, பிறகு முழு அளவு. கையுறையில் வலக்கை, இடக்கை வேறு. தலைக்கவசத்தில் அளவு வேறு. இடக்கை ஆட்டக்காரப் பையனுக்காக வாங்கி வைத்த தொடைக் காப்பு, அவன் வளர்ந்து பெரியவனான பிறகும் அலமாரியிலேயே இருக்கும். பருவம் முடிந்தால் போட்ட பணமும் முடங்கும். போதாததற்கு விதிகளும் மாறும். 2017 அக்டோபரில் வந்த சட்டத் தொகுப்பு, மட்டை விளிம்பின் தடிமனை 40 மில்லிமீட்டருக்கும் மொத்த ஆழத்தை 67 மில்லிமீட்டருக்கும் கட்டுப்படுத்தியது. அதற்கு மேல் பருத்த மட்டையை இருப்பில் வைத்திருப்பவர், விதிப்படி ஆடுகிறவரிடம் அதை விற்க முடியாது.

ஓட்டக் கடை பார்வைக்கு எளிது. விற்பது பெரும்பாலும் ஷூ ஒன்றுதான். ஓர் இணை 500 முதல் 800 கிலோமீட்டர் வரை உழைக்கும் என்பது ஓடுபவர்களிடையே புழங்கும் கணக்கு. வாரம் 40 கிலோமீட்டர் ஓடுபவர் மூன்றிலிருந்து ஐந்து மாதங்களுக்குள் அடுத்த இணைக்கு வந்தாக வேண்டும். கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் ஒரே ஒரு மாதிரியை ஆண், பெண் இரு பாலருக்கும் அரை அளவுகள் உட்பட அடுக்கினால் இருபது பெட்டிகளுக்குக் குறையாது. பதினைந்து மாதிரி வைத்தால் முந்நூறு பெட்டி, அகலப் பாதத்துக்கானவை சேராமலே. புது மாதிரி ஏறத்தாழ ஆண்டுதோறும் வருகிறது. வந்த அன்றே பழையது தள்ளுபடிக் கூடைக்குப் போகிறது. யானையைக் கட்டித் தீனி போடுவது என்பது இதுதான்.

இதைவிடக் கசப்பானது இன்னொன்று. முதல் இணையை உங்கள் கடையில் அரை மணி நேரம் போட்டுப் பார்த்து வாங்கியவருக்குத் தன் மாதிரியும் அளவும் தெரிந்துவிட்டது. இரண்டாவது இணையைப் படுத்துக்கொண்டே கைப்பேசியில் வாங்குவார். டிரெட்மில்லில் ஓடவிட்டு, படம் பிடித்து, பாதம் சாயும் விதத்தைப் பார்த்து ஷூ பரிந்துரைப்பது பல கடைகளில் நடக்கிறது. அப்படித் தேர்ந்த ஷூ காயத்தைத் தடுக்கும் என்பதற்கு ஆய்வுகளில் வலுவான ஆதரவு இல்லை. போட்டவுடன் காலுக்குச் சுகமாக இருக்கிறதா என்பதே நல்ல அளவுகோல். அந்த டிரெட்மில் பேச்சுக்கொடுக்க உதவும் மேடை, அவ்வளவுதான். ஓட்டக் கடையை உண்மையில் காப்பாற்றுவது, வாரம் ஒருமுறை கடை வாசலிலிருந்து கிளம்பும் ஓட்டக் குழு. கடைக்காரர் விடியலில் எழுந்து தானும் ஓடத் தயாரில்லை என்றால் இந்தத் தொழில் வேண்டாம்.

பேட்மிண்டனுக்கு வருவோம். தேய்வதும் உடைவதும் இந்த விளையாட்டின் இயல்பு. இறகு ஷட்டிலில் பதினாறு இறகுகள், எடை 4.74 முதல் 5.50 கிராம். ஓங்கி அடிக்கிறவர்கள் கையில் ஓர் ஆட்டம் தாங்கினாலே பெரிது. அதனால் ஆட்டக்காரர் வாராவாரம் வருகிறார். வேக எண் பார்த்துத் தருவதும் ஒரு வித்தை: வெப்பமான இடத்திலும் மலையூரிலும் காற்றின் அடர்த்தி குறைவு, ஷட்டில் வேகமாகப் பறக்கும், அங்கே வேகம் குறைந்த எண் வேண்டும். ஆனால் ஷட்டில் டப்பாவில் லாபம் மெலிது. அதன் விலையை எல்லோரும் மனப்பாடமாக வைத்திருப்பார்கள்.

காசு இருப்பது நரம்பில். ஒரு மட்டைக்கு ஏறத்தாழ பத்து மீட்டர் நரம்பு, அரை மணிக்குச் சற்று மேல் வேலை. அறுந்தாலும் மாற்ற வேண்டும், அறாவிட்டாலும் மாற்ற வேண்டும். ஆடாமல் வைத்திருந்தாலும் இழுவிசை தளர்ந்துகொண்டே போகும். வாரத்தில் எத்தனை நாள் ஆடுகிறீர்களோ, ஆண்டில் அத்தனை முறை மாற்றுங்கள் என்பது பழைய வாய்ப்பாடு. இந்த வேலையை எந்த இணையக் கடையும் அன்று மாலைக்குள் முடித்துத் தராது.

சிக்கல்கள் இல்லாமல் இல்லை. உலக வீரர்கள் 30 பவுண்டு இழுவிசையில் கட்டுகிறார்கள் என்று எங்கோ கேட்டுவிட்டு, ஆடத் தொடங்கி ஆறு மாதம் ஆகாதவர் 28 கேட்பார். இழுவிசை ஏற ஏற, ஷட்டில் நன்றாகப் படும் பரப்பு சுருங்கும். ஓரத்தில் பட்டால் நரம்பு அறும், சட்டகத்திலேயே விரிசல் விழவும் கூடும். அவரை 23-க்கு இறக்குவதுதான் நல்ல கடைக்காரரின் வேலை. கோபித்துக்கொண்டு போனாலும் திரும்பி வருவார். இயந்திரத்தில் இருக்கும்போதே மட்டை நொறுங்கினால் யார் பொறுப்பு என்பதை முன்கூட்டியே சீட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குவது அவசியம். பெரிய ஆபத்து வேறு: நரம்பு கட்டுகிறவர் சம்பளக்காரர் என்றால், அவர் விலகும் நாளில் வாடிக்கையும் அவர் பின்னாலேயே போகும். முதலாளி கட்டக் கற்றுக்கொள்ளாமல் இந்தக் கடையைத் திறப்பது, சமைக்கத் தெரியாமல் உணவகம் வைப்பது போல.

டேபிள் டென்னிஸ் கடையை ஓர் அலமாரிக்குள் அடக்கிவிடலாம். மரப்பலகை தனி, இரு பக்க ரப்பர் தனி. எதோடு எது சேரும் என்று சொல்வதே தொழில். தினமும் பயிற்சி செய்பவருக்கு ரப்பர் சில மாதங்களில் செத்துவிடும். சங்கடம் என்னவென்றால், ரப்பர் எடை குறைவு, அளவுப் பிரச்சினை இல்லை, தபாலில் வாங்குவது சுலபம், ஒட்டுவதையும் தானே கற்றுக்கொள்ளலாம். 2021 அக்டோபர் முதல் ஒரு பக்கம் கறுப்பாக இருந்தால் மறுபக்கம் சிவப்போடு இளஞ்சிவப்பு, ஊதா, பச்சை, நீலமும் ஆகலாம் என்று விதி வந்தபின் இருப்பு வைக்கும் தலைவலியும் கூடியது. தனிக்கடையாக நிற்பதைவிடப் பயிற்சிக் கூடத்துக்குள் ஒரு மூலையாக இது நன்றாக நடக்கும்.

என் ஓட்டு பேட்மிண்டனுக்கு, ஒரு நிபந்தனையோடு: ஆடுகளங்கள் நடக்கும் தூரத்தில் இருக்க வேண்டும். மைதானம் நிறைந்த இடத்தில் ஆறு மாதம் பொறுத்துக்கொள்ளும் முதல் இருந்தால் கிரிக்கெட்டையும் யோசிக்கலாம். ஷூ கடையை, முதலும் பொறுமையும் இடமும் அதிகம் உள்ளவர்களுக்கு விட்டுவிடுகிறேன். பேட்மிண்டன் கடை வைத்தால் முதல் பணம் பெயர்ப்பலகைக்குப் போகக் கூடாது, நல்ல மின்னணு நரம்பு இயந்திரத்துக்குப் போக வேண்டும். அதை உள்ளறையில் மறைக்காமல் கடையின் முன்பக்கத்திலேயே நிறுத்துங்கள். மட்டைக்காகக் காத்திருப்பவர் அந்த அரை மணி நேரமும் கிரிப்பும் காலுறையும் ஷூவும் தொங்கும் சுவரைப் பார்த்தபடிதான் நிற்பார்.