படிப்பகச் சுவரில் பொதிகை மலை: வரைந்து கொடுத்த குழு எப்படி?

அம்பாசமுத்திரம், விக்கிரமசிங்கபுரம் பக்கம் சுவர் ஓவியத்துக்கு ஆள் தேடுகிறவர்கள் எங்கள் படிப்பகத்துக்கு வரைந்த பாளையங்கோட்டைக் குழுவைத் தைரியமாகக் கூப்பிடலாம். நம்பர் வேண்டுமென்றால் படிப்பகத்தில் கேளுங்கள், தருவார்கள்.

நாங்கள் கேட்டது பொதிகைக் காடும் அங்கே வாழும் காணிக்காரப் பழங்குடி மக்களும். முதலில் கொண்டுவந்த ஸ்கெட்ச் எனக்குப் பிடிக்கவே இல்லை. இலையை உடுத்திக்கொண்டு ஈட்டியோடு நிற்கிற ஆட்கள், பழைய சினிமாவில் வருகிற மாதிரி. இது வேண்டாம் என்றதும் முகம் சுளிக்காமல், செக்போஸ்ட்டில் அனுமதி வாங்கி எங்களோடு மயிலாறு காணிக் குடியிருப்புக்கே வந்து, ஊர்த் தலைவரான மூட்டுக்காணியிடமும் அங்குள்ள பெண்களிடமும் பேப்பரை விரித்து, எதை வரையலாம், எதை வரையக் கூடாது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார்கள். காணிகளின் சடங்குப் பாட்டான சாற்றுப்பாட்டுக்கு உரசி வாசிக்கும் கொக்கரை இருக்கிறதே, பல் பல்லாக வெட்டிய இரும்புக் குழல், அதை வரையலாம் என்றார்கள். பூசை நடக்கும் இடம் வேண்டாம் என்றார்கள், அது சுவரில் இல்லை. ஓவியத்தில் தேனெடுக்கிறவர் இப்போது கைலியும் சட்டையுமாகத்தான் கொடியேணியில் ஏறுகிறார். இந்த ஒரு விஷயத்துக்கே முழு மார்க் போடுவேன்.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், 1971-ல் ஆஸ்திரேலியாவின் பப்புன்யாவில் பள்ளிக்கூடச் சுவரில் அங்குள்ள பழங்குடிப் பெரியவர்களே தங்கள் தேனெறும்புக் கதையை வரைந்தார்கள். இன்று உலகமே கொண்டாடும் பாலைவன ஓவியங்கள் அங்கிருந்துதான் கிளம்பின, ஆனால் அந்தச் சுவர் மேல் சில வருஷத்திலேயே வேறு பெயிண்ட் அடித்துவிட்டார்கள். யாருடைய கதையோ அவர்களைக் கேட்டுத்தான் வரையவும் வேண்டும், அழிக்கவும் வேண்டும்.

வேலை நுணுக்கம் பிரமாதம். இருவாச்சிப் பறவையைக் கிட்டப் போய்ப் பாருங்கள். பெட்டை மரப்பொந்துக்குள் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும், ஆண் வெளியிலிருந்து சின்னச் சந்து வழியாகப் பழம் ஊட்டும், அந்தக் காட்சிதான். ஆணுக்குக் கண் சிவப்பு, சந்துக்குள் தெரிகிற பெட்டையின் கண் வெள்ளை. இதைக்கூடப் பார்த்துச் செய்திருக்கிறார்கள். பக்கத்திலேயே சிங்கவால் குரங்கு வெடிப்பலாவைப் பிய்க்கிறது, முள்முள்ளான காய் கிளையோடு ஒட்டியபடி. கீழ் மூலையில் ஆரோக்கியப்பச்சை என்கிற மூலிகைச் செடி. 1987-ல் மலைக்கு அந்தப் பக்கம், கேரளக் காணிகள் அதன் காயைத் தின்று களைப்பில்லாமல் நடப்பதை விஞ்ஞானிகள் பார்த்து, பிறகு ஜீவனி என்று மருந்தே வந்தது, வருமானத்தில் காணிகளுக்கும் பங்கு என்று ஒப்பந்தமானது. செடியை எல்லாரும் குனிந்து பார்க்கிற உயரத்தில் வைத்தது நல்ல யோசனை.

குறை என்றால் அடிச்சுவர். உப்புப் பூத்த பழைய சுண்ணாம்புப் பூச்சை முழுசாகச் சுரண்டாமல் பிரைமர் அடித்துவிட்டார்கள், ஐப்பசி மழைக்கு அந்தச் செடிப் பக்கமே பொரிந்து வந்தது. போன் போட்டதும் வந்து கொத்திப் பூசித் திரும்ப வரைந்தார்கள், காசு வாங்கவில்லை. ஆனால் முதலிலேயே செய்திருக்க வேண்டும். சதுர அடிக் கணக்கில்தான் ரேட், சாரம் நம் செலவு, அதை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். பூச்சு வேலை இருந்தால் தை பிறந்த பிறகு கூப்பிடுங்கள், சுவர் நன்றாகக் காய்ந்திருக்கும்.