காரைக்காலில் ஒரு பழம்பொருள் கடை: முரானோ கண்ணாடி தேடுபவர்களுக்கு

பழைய இத்தாலியக் கண்ணாடிச் சாமான் வாங்க வேண்டுமென்றால் புதுச்சேரிக்கோ சென்னைக்கோதான் போக வேண்டும் என்று எங்கள் பக்கத்தில் பலரும் நினைக்கிறார்கள். காரைக்காலுக்கே போகலாம். திருநள்ளாறு சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவில் இந்தக் கடை இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. வாசலில் தேக்கு நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கவிழ்த்து வைத்திருப்பார்கள், அதுதான் அடையாளம். முன்கட்டு முழுக்கப் பித்தளை, கடிகாரம், மரச்சாமான். அங்கேயே நின்றுவிடாதீர்கள். கண்ணாடி எல்லாம் இரண்டாம் கட்டில், சுவரை ஒட்டிய இரண்டு பீரோக்களில் இருக்கிறது.

எனக்கு மயிலாடுதுறையில் மூக்குக்கண்ணாடிக் கடை. லென்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தே வளர்ந்தவன் என்பதால் கண்ணாடிச் சாமான் எதைப் பார்த்தாலும் அதன் அடியைத்தான் முதலில் பார்ப்பேன். அடியைப் பார்க்க விடாத கடையில் நான் வாங்குவதில்லை. இந்தக் கடையில் கடைக்காரர் பாயே எடுத்துக் கவிழ்த்துக் காட்டுவார்.

காரைக்காலுக்கு முரானோ கண்ணாடி வந்த கதை நேரானது. ஊர் பிரெஞ்சுக்காரர்கள் கையிலிருந்து 1954-ல் இந்தியாவிடம் வந்தது, சட்டப்படி 1962-ல் முடிந்தது. அப்போது பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்ட குடும்பங்கள் இங்கே இன்றும் உண்டு. பட்டாளத்திலும் அரசு வேலையிலும் பிரான்சில் இருந்தவர்கள் ஊருக்கு வரும்போது சாமான் கொண்டுவந்தார்கள். வெனிஸுக்குப் பக்கத்துத் தீவான முரானோவில் கண்ணாடிக் கலை புதுப்புது வடிவங்களோடு பொங்கிக்கொண்டிருந்ததும் அதே 1950, 60-களில்தான். அங்கே சுற்றிப் பார்க்கப் போனவர்கள் வாங்கிவந்த சிகரெட் சாம்பல் கிண்ணம், மிட்டாய்க் கிண்ணம், சின்னப் பூச்சாடி எல்லாம் கூடத்து அலமாரியில் பல வருஷம் இருந்துவிட்டு, வீட்டை விற்கும்போது பாய் கைக்கு வந்துசேர்கின்றன.

அவருக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். ஒரு பூச்சாடியைக் காட்டி எந்தப் பட்டறை என்று கேட்டேன். "யாரு பண்ணுனதுன்னு எனக்குத் தெரியாது தம்பி. எந்த வீட்டுலேர்ந்து வந்துச்சுன்னு தெரியும்" என்றார். ஒரு பழம்பொருள் வியாபாரியிடம் நான் எதிர்பார்ப்பது இதைத்தான். முரானோ சாமான்களில் பெரும்பாலானவற்றில் கையெழுத்தே இருக்காது. ஒட்டியிருந்த காகிதச் சீட்டோ தகடுச் சீட்டோ கழுவும்போது எப்போதோ போயிருக்கும். அந்த வெற்றிடத்தில் வாய்க்கு வந்த பெரிய பெயரைச் சொல்லி மூன்று மடங்கு விலை சொல்பவர்கள் நிறைய. ஒரு பெருநகரக் கடையில் பளபளவென்று புதுச் சீட்டு ஒட்டிய ஜாடியை முரானோவின் பெரிய பட்டறையான வெனினி செய்தது என்று என்னிடம் விற்கப் பார்த்தார்கள். சீட்டின் ஓரத்தில் பசை இன்னும் ஈரமாக இருந்தது. வெனினி பட்டறை 1921-ல் தொடங்கியது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அவர்கள் பல சாமான்களின் அடியில் அமிலத்தால் வெனினி, முரானோ, இத்தாலியா என்று மூன்று வரியில் பொறித்தார்கள். அந்தப் பொறிப்பையும் போலியாகப் போடுகிறார்கள் என்பதால் எழுத்தை மட்டும் நம்பி நான் பணம் கொடுப்பதில்லை.

இடது பீரோவில் இருப்பவை பெரும்பாலும் சொமர்ஸோ வகை. எனக்கு இதன்மேல்தான் பித்து. ஊதுகுழல் நுனியில் ஒரு நிறக் கண்ணாடியை எடுத்து, அதை வேறு நிறக் குழம்பில் முக்கி, அதன்மேல் இன்னொரு நிறம் என்று அடுக்கிக்கொண்டே போவது. நிறங்கள் ஒன்றோடொன்று கலக்காமல் தனித்தனி அடுக்காக நிற்கும். அடுக்குகள் எல்லாம் ஆறும்போது ஒரே அளவாகச் சுருங்க வேண்டும், இல்லையென்றால் விரிசல் விட்டுவிடும். தடித்த சாமானில் வெளிப்புறம் மட்டும் முந்தி ஆறினாலும் விரிசல் விடும், அதனால் அதை ஆற்றும் உலையில் வைத்து மணிக்கணக்கில் மெல்ல மெல்லக் குளிரவிடுகிறார்கள். 1930-களில் கார்லோ ஸ்கார்ப்பா வெனினியில் இதைச் செய்தார். 1950-களில் செகுசோ வெத்ரி தார்த்தே பட்டறைக்காக ஃப்ளாவியோ பொலி வடிவமைத்தவைதான் இதைப் பெரிய கலையாக்கின. 1954-ல் அவருக்கு இத்தாலியின் வடிவமைப்பு விருதான கொம்பாஸ்ஸோ தோரோ கிடைத்தது. மேலே இருக்கும் நிறமற்ற தடித்த அடுக்கு லென்ஸ் மாதிரி வேலை செய்யும். பக்கவாட்டில் பார்த்தால் உள்ளே இருக்கும் நிறம் உப்பிப் பெரிதாகத் தெரியும், மேலேயிருந்து பார்த்தால் சுருங்கி அடியில் போய் நிற்கும். கையில் வைத்து மெல்லத் திருப்பினால் அந்த நிறம் நகர்வதை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

நான் வாங்கியது ஒரு சாம்பல் கிண்ணம். உள்ளே பாட்டில் பச்சை, அதைச் சுற்றித் தேன் நிறம், வெளியே நிறமற்ற அடுக்கு. ஒரு கையால் தூக்கினால் மணிக்கட்டு கொஞ்சம் இறங்கும், அவ்வளவு கனம். விலை 2,800 ரூபாய். அடியில், செய்யும்போது சாமானைப் பிடித்திருந்த இரும்புக் கம்பியிலிருந்து உடைத்த இடத்தை நன்றாகத் தேய்த்து மெருகேற்றியிருக்கிறார்கள், விரல் எங்கும் தட்டவில்லை. வருஷக்கணக்கில் மேசையில் நகர்ந்து விழுந்த நுண்ணிய கீறல்கள் எல்லாத் திசையிலும் ஓடுகின்றன. பழசாகக் காட்ட உப்புத்தாள் தேய்த்திருந்தால் கீறல் எல்லாம் ஒரே பக்கமாகப் போகும். அப்புறம் என் கடையில் லென்ஸ் பூச்சைச் சோதிக்க வைத்திருக்கும் புற ஊதா டார்ச்சை அடித்துப் பார்த்தேன். தேன் நிற அடுக்கு மட்டும் பச்சையாக ஒளிர்ந்தது. யுரேனியம் சேர்த்த கண்ணாடி அப்படித்தான் ஒளிரும். முரானோவில் அந்தக் காலத்துச் சொமர்ஸோ சிலவற்றில் அது உண்டு. ஆனால் இன்றைய செக் நாட்டுப் பகுதியான பொஹீமியாவில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே யுரேனியக் கண்ணாடி செய்தார்கள், ஆகவே ஒளிர்ந்ததால் மட்டுமே முரானோ என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். என் கிண்ணத்தை எந்தப் பட்டறையின் பெயரிலும் நான் வைக்கவில்லை. எந்த வீட்டிலிருந்து வந்தது என்று பாய் சொன்னதை மட்டும் ஒரு சீட்டில் எழுதி அடியில் வைத்திருக்கிறேன்.

வலது பீரோவில் குமிழிகள் வரிசையாக நிற்கும் புல்லிகாந்தே கிண்ணங்கள் சில உண்டு. முள்முள்ளான அச்சில் அழுத்திப் பள்ளம் விழவைத்து, மேலே இன்னொரு அடுக்கு போட்டுக் காற்றை உள்ளே பிடித்துவைக்கும் வேலை. குமிழிகள் ஒரே அளவில், ஒரே இடைவெளியில் இருக்கிறதா என்று பாருங்கள். கைக்குட்டையைத் தொங்கவிட்டது போன்ற ஃபட்ஸொலெட்டோ ஜாடி ஒன்றும் இருந்தது. ஃபுல்வியோ பியான்கோனியும் பாவ்லோ வெனினியும் 1940-களின் கடைசியில் கொண்டுவந்த வடிவம். அதற்குப் பிறகு உலகம் முழுக்கக் காப்பியடித்தார்கள். கடையில் இருந்ததன் மடிப்புகள் எல்லாம் அச்சில் செய்தது போல ஒரே அளவாக இருந்ததால் நான் தொடவில்லை.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். செக் நாட்டுச் சாமான், ஜப்பான் சாமான், அண்மையில் வந்த சீனச் சாமான் எல்லாம் அதே பீரோவில் கலந்துதான் கிடக்கின்றன. பாய் இல்லாத நேரத்தில் கடைப்பையனைக் கேட்டால் எல்லாமே முரானோ என்பான். செக் கண்ணாடி மட்டமானதல்ல, அருமையான வேலைப்பாடு உண்டு. ஆனால் எதற்குப் பணம் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும். பாய் இருக்கும்போதே போங்கள்.

இன்னொன்று எனக்கு உண்மையிலேயே வருத்தம். அழகாக இருக்கட்டும் என்று சில ஜாடிகளில் தண்ணீர் ஊற்றிப் பூ வைக்கிறார்கள். கடலோர ஊர்த் தண்ணீர், உப்பு படியும். வெறும் படிவம் என்றால் வினிகர் ஊற்றி வைத்தால் போய்விடும். நாள்பட்ட ஈரம் கண்ணாடியையே அரித்துவிட்டால் அந்த வெண்மூட்டத்துக்கு வீட்டு வைத்தியம் கிடையாது. உள்ளே ஈரமாக இருந்தால் மூட்டம் கண்ணுக்குத் தெரியாது, காய்ந்த பிறகுதான் வெளியே வரும். தண்ணீர் இருந்த ஜாடியை அன்றைக்கே வாங்காதீர்கள், காயவைக்கச் சொல்லிவிட்டு இன்னொரு நாள் போய்ப் பாருங்கள். பாயிடம் இதைச் சொன்னேன். கேட்டுக்கொண்டார், அடுத்த தடவை இரண்டு ஜாடிகள் காலியாக இருந்தன.

வெளிச்சமும் போதாது, ஒரே ஒரு ட்யூப்லைட். முற்றத்துக்கு எடுத்துப்போய்ப் பார்க்கிறேன் என்று கேளுங்கள், மறுக்கமாட்டார். விளிம்பு முழுக்க விரலை மெதுவாக ஓட்டுங்கள், கண்ணுக்குத் தப்பும் சிறு உடைசல் விரலுக்குத் தப்பாது. விலை பேரம் கிடையாது, சொன்னது சொன்னதுதான். அந்த விலையும் நியாயமாகவே இருக்கிறது.

கட்டிக்கொடுப்பது வெறும் செய்தித்தாளில்தான். பஸ்ஸில் போகிறவர்கள் பழைய துண்டும் அட்டைப்பெட்டியும் கையோடு கொண்டுபோங்கள். சனிக்கிழமை திருநள்ளாறு கூட்டத்தில் அந்தச் சாலையே நகராது, வெள்ளிக்கிழமை தொழுகை நேரத்தில் கடை பூட்டியிருக்கும். செவ்வாய், புதன் காலை பதினொரு மணிக்கு மேல் போனால் பாய் நிதானமாக இருப்பார், முற்றத்திலும் நல்ல வெயில் இருக்கும்.