ஃப்ரெடி விருதுக்கு ஓட்டு: குமரி மாவட்டத்து கல்ஃப் குடும்பம் போடும் மார்க்

பறக்கப் பறக்க, தங்கத் தங்கக் கணக்கில் சேர்ந்து பிறகு டிக்கெட்டாகவும் ரூமாகவும் மாற்றிக்கொள்ளும் விமான மைல்ஸும் ஹோட்டல் பாயிண்டும் கோட் சூட் போட்டவர்களின் சமாச்சாரம் என்று நினைக்கிறவர்கள் எங்கள் மாவட்டத்துக்கு ஒருமுறை வர வேண்டும். குமரியில் விமான நிலையம் கிடையாது. ஆனால் கருங்கல், மார்த்தாண்டம், தக்கலை, குளச்சல் என்று எந்தத் தெருவில் நுழைந்தாலும் மஸ்கட்டிலோ தோஹாவிலோ துபாயிலோ ஆள் இருக்கிற வீடு ஒன்றாவது இருக்கும், விடிகாலை ஃப்ளைட்டைப் பிடிக்க நடுராத்திரியில் களியக்காவிளை தாண்டி நெய்யாற்றின்கரை வழியாகத் திருவனந்தபுரத்துக்கு ஓடாத கார் டிரைவர் இங்கே இருக்கமாட்டார். நான் தோஹாவில் நர்ஸ், வீட்டுக்காரரும் பிள்ளைகளும் மாமியாரும் கருங்கலில். இத்தனை பறந்தும் நம்மவர்களில் பெரும்பாலானவர்கள் பாயிண்ட் கணக்கே தொடங்குவதில்லை, தொடங்கினாலும் அந்த நம்பரை டிக்கெட்டில் போடுவதில்லை. அதனால்தான் சிறந்த மைல்ஸ், பாயிண்ட் திட்டங்களைப் பயணிகளே தேர்ந்தெடுக்கும் இந்த ஃப்ரெடி விருது ஓட்டெடுப்பைப் பற்றியும், அதில் நான் யாருக்கு எத்தனை மார்க் போடுவேன் என்பதைப் பற்றியும் எழுதுகிறேன்.

முதலில் இது என்ன என்று தெரியாதவர்களுக்காக. அமெரிக்காவில் 1978-ல் விமானக் கட்டணத்தின் மீது இருந்த அரசுக் கட்டுப்பாடு போனதும் கம்பெனிகளுக்குள் போட்டி முற்றியது, பயணியைக் கையில் பிடித்து வைக்க அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1981 மே 1-ம் தேதி ஏ-அட்வான்டேஜ் என்ற மைல்ஸ் திட்டத்தைத் தொடங்கியது, பின்னாலேயே மற்றவர்களும் வந்தார்கள், 1983-ல் ஹாலிடே இன்னும் மேரியட்டும் ஹோட்டலிலும் அதையே கொண்டுவந்தன. இப்படித் திட்டங்கள் பெருகியபோது எது உண்மையில் பயணிக்கு நல்லது என்று பயணியே சொல்லட்டும் என்று ராண்டி பீட்டர்சன் என்பவர் 1988-ல் தொடங்கியதுதான் ஃப்ரெடி விருதுகள். பெயர் சர் ஃப்ரெடி லேக்கருடையது. லண்டன் நியூயார்க் நடுவே 1977-ல் ஸ்கைட்ரெயின் என்று ஒரு சேவை விட்டு, முன்பதிவு இல்லாமல் வந்து டிக்கெட் வாங்கி ஏறலாம் என்று கட்டணத்தைத் தடாலடியாகக் குறைத்தவர் அவர். கம்பெனி 1982-ல் நொடித்துப்போனாலும் சாமானியனை விமானத்தில் ஏற்றிய மனுஷன் என்ற பேர் நிற்கிறது. ஒரு நாற்பது ரியால் குறைகிறதா என்று ராத்திரி டூட்டி பிரேக்கில் மொபைலைத் தேய்த்துக்கொண்டு இருக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான ஆளின் பேரில் விருது இருக்க முடியாது.

ஓட்டுப் போடும் முறை எனக்குப் பிடித்திருக்கிறது. வெறுமனே யாருக்கு அதிக ஓட்டு என்று எண்ணினால் உறுப்பினர் கூட்டம் அதிகமுள்ள பெரிய கம்பெனிதான் எப்போதும் ஜெயிக்கும். இங்கே ஒவ்வொரு திட்டத்துக்கும் 1 முதல் 10 வரை மார்க் போடச் சொல்கிறார்கள், ஒரு குறைந்தபட்ச எண்ணிக்கை ஓட்டாவது கிடைத்த திட்டங்களுக்குள் சராசரி பார்க்கிறார்கள், அதனால் சின்னத் திட்டமும் அதன் ஆட்கள் மனசார மார்க் போட்டால் மேலே வர வழி இருக்கிறது. உலகத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்துத்தான் பரிசு, மத்தியக் கிழக்கும் ஆசியாவும் ஒரே பகுதிக்குள் வந்துவிடுகின்றன, ஆகவே நம் கல்ஃப் விமானங்கள் எல்லாம் ஒரே பந்தியில். நிபுணர் குழு கிடையாது, பயணியின் மார்க் மட்டும்தான். இந்த விஷயத்தில் முழுத் திருப்தி.

குறை எங்கே என்றால் பிரிவுகளில். ஆண்டின் சிறந்த திட்டம், சிறந்த எலீட் தகுதி, சிறந்த சலுகை, பாயிண்டைச் செலவழிக்க வசதியானது, வாடிக்கையாளர் சேவை, கிரெடிட் கார்டு என்று போகிறது. எலீட் என்பது அடிக்கடி பறக்கிற பிஸினஸ்காரருக்கானது. எமிரேட்ஸின் மைல்ஸ் திட்டமான ஸ்கைவார்ட்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள், முதல் எலீட் படியான சில்வர் ஆக, தகுதிக்கென்று தனியாக எண்ணும் டியர் மைல்ஸ் 25,000 வேண்டும், இல்லையென்றால் 25 ஃப்ளைட் ஏற வேண்டும். வருஷத்துக்கு ஒரு லீவில் ஊருக்கு வந்து திரும்புகிறவருக்குப் போக ஒன்று வர ஒன்று, அவ்வளவுதான், எந்தக் காலத்தில் சில்வர் ஆவது? இத்தனைக்கும் அந்த சில்வரில் நமக்கு உண்மையாகவே வேண்டிய ஒன்று இருக்கிறது: கூடுதலாக 12 கிலோ லக்கேஜ். கோல்டுக்கு 16, பிளாட்டினத்துக்கு 20. லவுஞ்ச் சோபாவை விட இந்த 12 கிலோ பெரிது. ஊரில் இருந்து கிளம்பும்போது முந்திரிக்கொத்து, ஏத்தன்காய் சிப்ஸ், அம்மா பொதிந்து தரும் நெத்திலிக் கருவாடு, பக்கத்து வீட்டுக்காரர் தன் மகனுக்குக் கொடுத்துவிடும் பொதி என்று பெட்டி நிறைந்து, ஏர்போர்ட் தராசுப் பக்கத்தில் உட்கார்ந்து பெட்டியைப் பிரித்து எதை எடுப்பது என்று யோசிக்கிற குடும்பங்களைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். லக்கேஜுக்கு என்று ஒரு பிரிவு வைத்தால் எங்கள் பக்கத்தில் இருந்து மட்டுமே ஓட்டு குவியும்.

சரி, இருக்கிற பிரிவுகளுக்குள் நான் எதைப் பார்த்து மார்க் போடுகிறேன்? முதலில் காலாவதி. கல்ஃபில் நிறைய கம்பெனிகள் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறைதான் டிக்கெட் தருகின்றன. அப்படிப் பறக்கிறவனின் பாயிண்ட் அடுத்த லீவு வரைக்கும் உயிரோடு இருக்குமா என்பதுதான் முதல் கேள்வி, மற்றதெல்லாம் அப்புறம். ஸ்கைவார்ட்ஸில் மைல்ஸுக்கு ஆயுள் மூன்று வருஷம், அது முடியும்போது உங்கள் பிறந்த மாசக் கடைசியில் போய்விடும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃப்ளையரிலும் மூன்று வருஷம், நடுவில் பறந்தாலும் பழைய மைல்ஸின் ஆயுள் நீளாது. கத்தார் ஏர்வேஸின் பிரிவிலேஜ் கிளப்பில் அப்படி இல்லை, 36 மாசத்துக்குள் ஒரு தடவையாவது ஏவியோஸ் (அங்கே மைல்ஸுக்குப் பேர் அதுதான்) சேர்த்தாலோ செலவழித்தாலோ மொத்தக் கணக்கும் அங்கிருந்து மறுபடி 36 மாசம் நீள்கிறது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருகிறவருக்கும் இது கைகொடுக்கும். இதற்காகவே நான் கண்ணை மூடிக்கொண்டு கூடுதல் மார்க் போடுவேன்.

ஏவியோஸில் இன்னொரு நல்லது. 2022-ல் கத்தார் இதற்கு மாறியதில் இருந்து பிரிட்டிஷ் ஏர்வேஸிலும் இதே நாணயம்தான், 2024-ல் பின்லாந்தின் ஃபின்னேர் விமானக் கம்பெனியும் சேர்ந்தது, ஒருவர் தன் பேரில் உள்ள கணக்குகளுக்குள் மாற்றிக்கொள்ளலாம். கல்ஃபில் சில வருஷம் வேலை பார்த்துவிட்டு இங்கிலாந்துக்கோ அயர்லாந்துக்கோ போகிற நர்ஸுகள் நம் பக்கத்தில் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும். நாடு மாறினாலும் சேர்த்தது வீணாகாது.

அடுத்து குடும்பம். ஸ்கைவார்ட்ஸ் இங்கே நன்றாகச் செய்கிறது, மை ஃபேமிலி என்று எட்டுப் பேர் வரை சேர்த்து, எல்லோருடைய மைல்ஸையும் ஒரே கணக்கில் போடலாம். மாமியார் ஒரு தடவை வந்து பேரப்பிள்ளையைப் பார்த்துவிட்டுப் போனால் அவர்களுக்குக் கிடைக்கும் மைல்ஸ் தனியாகக் கிடந்து அழியாமல் வீட்டுக் கணக்கில் வந்து சேர்கிறது. சின்னத் தொகைகளாகச் சேர்க்கிற நம்மைப் போன்றவர்களுக்குப் பொதுக் கணக்கு இல்லாவிட்டால் ஒரு டிக்கெட்டும் தேறாது.

இப்போது யாரும் ஓட்டெடுப்பில் கேட்காத, ஆனால் எங்கள் மாவட்டத்தில் பாதி மைல்ஸைத் தின்கிற விஷயம்: பேர். நமக்குக் குடும்பப் பேர் வைக்கிற வழக்கம் இல்லை, அப்பா பேரின் முதலெழுத்துதான் இனிஷியல். பாஸ்போர்ட்டில் சிலருக்கு சர்நேம் கட்டம் காலி, சிலருக்கு அப்பா பேர், சிலருக்கு வீட்டுப் பேர். 2022 நவம்பரில் ஒற்றைப் பேர் உள்ள பாஸ்போர்ட்டோடு விசிட் விசாவில் வருகிறவர்களை ஐக்கிய அரபு அமீரகம் அனுமதிக்காது என்று சுற்றறிக்கை வந்தபோது ஊரில் என்ன பதற்றம் இருந்தது என்று ஞாபகம் இருக்கும், பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் அப்பா பேர் இருந்தால் போதும் என்று பிறகு விளக்கம் வந்தது. அதே சிக்கல்தான் மைல்ஸிலும். டிக்கெட் போடும்போது கடைசிப் பேர் கட்டத்தைக் காலியாக விட முடியாது, ஏஜென்ட் இருக்கிற ஒரே பேரை இரண்டு தடவை அடிப்பார். மைல்ஸ் கணக்கு தொடங்கும்போது நாமோ பேரும் அப்பா பேரும் போட்டிருப்போம். இரண்டும் பொருந்தாது, மைல்ஸ் ஏறாது. என் வீட்டுக்காரருக்கு ஒரு விமானக் கம்பெனியில் இப்படி ஆகி, போர்டிங் பாஸும் பாஸ்போர்ட் நகலும் அனுப்பிய பிறகும் பேர் பொருந்தவில்லை என்று ஒரே பதிலை வேறு வேறு ஆட்கள் கையெழுத்தில் அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். பாஸ்போர்ட்டைத் திறந்து பார்த்தால் இரண்டும் ஒரே ஆள் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வாடிக்கையாளர் சேவை என்ற பிரிவில் நான் மார்க் போடுவது இதை வைத்துத்தான், போனில் எவ்வளவு இனிமையாகப் பேசுகிறார்கள் என்பதை வைத்து அல்ல.

ஏஜென்ட் பற்றியும் ஒரு வார்த்தை. மார்த்தாண்டத்தில் டிக்கெட் எடுக்கப் போனால், "அண்ணே, மைல்ஸ் நம்பர் போட்டாச்சா?" என்று கேட்டால், "அது பிறகு பாத்துக்கலாம் மக்களே, இப்ப சீட்டு கன்ஃபர்ம் ஆகட்டு" என்பார். பிறகு யாரும் பார்ப்பதில்லை. பறந்த பிறகும் மைல்ஸ் கேட்க வழி இருக்கிறது, ஆனால் அதற்கும் கெடு உண்டு. அதனால் போர்டிங் பாஸைக் கிழித்துப் போடாதீர்கள், போட்டோவாவது எடுத்து வையுங்கள்.

செலவழிக்கும் வசதி என்ற பிரிவில் எல்லோருக்குமே கொஞ்சம் மார்க் குறைத்துத்தான் போடுவேன். நமக்கு டிக்கெட் வேண்டியது டிசம்பரில் கிறிஸ்துமஸுக்கு, ஓணத்துக்கு, ஏப்ரல் மே பள்ளி லீவுக்கு. அந்த நாட்களில் திருவனந்தபுரம் செக்டாரில் மைல்ஸ் சீட்டு கண்ணில் படுவதே அபூர்வம், ஜனவரி கடைசியில் கேட்டால் தாராளமாகக் கிடக்கும். இலவச டிக்கெட் என்ற சொல்லையும் நம்ப வேண்டாம், வரியும் கம்பெனியின் சர்சார்ஜும் கைக்காசு. திருவனந்தபுரத்தில் 2024 ஜூலையில் விமான நிலையம் பயணியிடம் வாங்கும் பயனாளர் கட்டணம் உயர்ந்தபோது வெளிநாடு புறப்படுகிறவருக்கு 1,540 ரூபாய் ஆனது, மைல்ஸில் எடுத்த டிக்கெட்டுக்கும் அது உண்டு. குடும்பமாகப் போகும்போது இதையும் கூட்டிப் பார்த்துவிட்டு, மலிவு விமானத்தில் காசு கொடுத்து எடுப்பதே லாபம் என்றால் தயங்காமல் அதையே எடுங்கள். மைல்ஸுக்காக டிக்கெட் வாங்கக் கூடாது.

கம்பெனி நிலைக்குமா என்பதையும் பார்க்க வேண்டும். கிங்ஃபிஷர் 2012-லும் ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலிலும் பறப்பதை நிறுத்தியபோது மைல்ஸ் வைத்திருந்தவர்கள் கதி நமக்குத் தெரியும். ஜெட்டின் திட்டம் தனிக் கம்பெனியாக இருந்ததால் இன்டர்மைல்ஸ் என்று பேர் மாறி ஓடியது, ஆனால் எந்த விமானத்துக்காகச் சேர்த்தார்களோ அது இல்லை. விஸ்தாரா 2024 நவம்பர் 12-ல் ஏர் இந்தியாவோடு இணைந்தபோது பாயிண்ட் அப்படியே மாறியது, அந்த மட்டும் நல்லது.

ஹோட்டல் பக்கம் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் ஊரில் அதற்கு அவ்வளவு வேலை இல்லை. கன்னியாகுமரிக் கடற்கரையில் பெரும்பாலும் தனியார் லாட்ஜுகள், அப்புறம் தமிழ்நாடு சுற்றுலாக் கழகத்தின் ஹோட்டல். சபரிமலை சீசனில் அங்கே ரூம் கிடைப்பது பாயிண்டை வைத்து அல்ல, மேனேஜர் நம்பர் கையில் இருப்பதை வைத்து. பாயிண்ட் உதவுவது துபாயில், சென்னையில், மருத்துவத்துக்கோ விசா வேலைக்கோ நான்கு நாள் தங்கும்போது. மேரியட்டின் திட்டமான பான்வாயில் பாயிண்டில் தொடர்ந்து ஐந்து இரவு எடுத்தால் ஒரு இரவு இலவசம், 24 மாசம் எந்த நடமாட்டமும் இல்லையென்றால்தான் பாயிண்ட் போகும். ஹாலிடே இன் ஹோட்டல்களின் கம்பெனியான ஐஎச்ஜியில் சாதாரண உறுப்பினருக்கு அந்தக் கெடு 12 மாசம்தான், நமக்கு அது ரொம்பக் குறைவு. மேரியட் 2022-ல் எந்த ஹோட்டலுக்கு எத்தனை பாயிண்ட் என்ற நிலையான அட்டவணையை எடுத்துவிட்டது எனக்குப் பிடிக்கவில்லை, இன்றைக்கு ஒரு விலை நாளைக்கு ஒரு விலை என்றால் எத்தனை சேர்க்க வேண்டும் என்று எப்படித் திட்டம் போடுவது? ஹயாத் அட்டவணை வெளியிடுகிறது, அது நேர்மையான முறை. என் தம்பி துபாயில் ஹோட்டல் ரிசப்ஷனில் இருக்கிறான், கார்டு காட்டுகிற ஆளுக்கு நல்ல ரூம் உண்மையிலேயே இருக்கிறதா இல்லையா என்பது அவனுக்குத்தான் தெரியும். கவுன்டருக்கு அந்தப் பக்கம் நிற்கிறவர்களில் நம்மூர்க்காரர்கள் இவ்வளவு பேர் இருக்கிறார்கள், அவர்களும் உறுப்பினராகச் சேர்ந்து ஓட்டுப் போட வேண்டும் என்பது என் ஆசை.

என் மார்க்: பிரிவிலேஜ் கிளப்புக்கு 9, ஸ்கைவார்ட்ஸுக்கு 7, அதில் பாதி மை ஃபேமிலிக்காக. கிரிஸ்ஃப்ளையருக்கு 6. ஹோட்டலில் பான்வாய்க்கு 7, ஐஎச்ஜிக்கு 5. ஏர் இந்தியாவின் மகாராஜா கிளப்பில் நான் இன்னும் எதுவும் சேர்த்துச் செலவழித்துப் பார்க்கவில்லை, அதனால் அந்தக் கட்டத்தைக் காலியாக விடுகிறேன். நீங்களும் கையால் தொட்டுப் பார்த்த திட்டத்துக்கு மட்டும் மார்க் போடுங்கள், ஓட்டுப் போடும்போது பக்கத்தில் பாஸ்போர்ட்டையும் மைல்ஸ் கணக்கையும் திறந்து வைத்து இரண்டிலும் பேர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று அப்படியே பார்த்துவிடுங்கள்.