ரோட்டரி எஞ்சினில் கூலண்ட் சீல் கசிவு: எந்தச் சோதனையை நம்புவது, எந்தப் பழுதுநீக்கத்துக்குச் செலவிடுவது

பிஸ்டன்களுக்குப் பதில் முக்கோண ரோட்டர்கள் சுழலும் மாஸ்டாவின் 13பி ரோட்டரி எஞ்சினில் சிலிண்டர் ஹெட் கிடையாது. ஆகவே ஹெட் கேஸ்கெட்டும் கிடையாது. மூன்று வார்ப்பிரும்புத் தட்டுகளும் அவற்றுக்கிடையே ரோட்டர்களைச் சூழ்ந்த இரண்டு அலுமினிய உறைகளும் (ரோட்டர் ஹவுசிங்) அடுக்கி வைக்கப்பட்டு, நீண்ட போல்ட்டுகளால் ஒன்றாக இறுக்கப்பட்டிருக்கின்றன. நான்கு இணைப்புகளிலும் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என ரப்பர் சீல்கள் உண்டு. எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்ட் அவ்விரண்டுக்கும் நடுவே ஓடுகிறது. வெளி சீல் விட்டால் எஞ்சினுக்கு வெளியே ஈரம் தெரியும். உள் சீல் விட்டால் கூலண்ட் எரியறைக்குள் போகும். சூடேறும்போது அலுமினியம் இரும்பைப் போல ஏறத்தாழ இரு மடங்கு விரிவதாலும், ஸ்பார்க் பிளக் இருக்கும் பக்கம் எப்போதும் அதிகம் கொதிப்பதாலும், ஒரே ஒரு முறை எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடானாலே உள் சீல் கருகிவிடக்கூடும்.

அறிகுறிகளில் ஒரு முரண் இருக்கிறது. எஞ்சின் ஓடும்போது எரியறையின் அழுத்தம் கூலண்டின் அழுத்தத்தைவிட மிக அதிகம் என்பதால், வாயு கூலண்டுக்குள் புகுந்து, ரேடியேட்டர் வாயில் குமிழிகளாக வெளிப்பட்டு, உபரித் தொட்டியை நிரப்புகிறது. நிறுத்திய பிறகு நிலைமை தலைகீழாகிறது: எரியறையில் அழுத்தம் இல்லை, கூலண்டில் மட்டும் எஞ்சியிருக்கிறது, எனவே கூலண்ட் மெல்ல உள்ளே கசிகிறது. காலையில் வண்டி ஒற்றை ரோட்டரில் தடுமாறிக் கிளம்பி, இனிப்பு வாடையுள்ள வெண்புகையைக் கக்கிவிட்டு, சிறிது நேரத்தில் ஒன்றும் நடவாததுபோல் ஓடுவதற்கு இதுவே காரணம். குளிர்ந்த காலையில் புகைபோக்கியில் தெரியும் சாதாரண நீராவியோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அதற்கு வாடை இல்லை, கூலண்ட் மட்டமும் குறையாது.

பலரும் முதலில் கேட்பது, எரியறை எவ்வளவு அழுத்தம் பிடிக்கிறது என்று அளக்கும் கம்ப்ரஷன் டெஸ்ட். ரோட்டரின் மூன்று முகங்களையும் தனித்தனியே காட்டும் கருவி கொண்டு, மாஸ்டா ஆர்எக்ஸ்-8 காரின் எஞ்சினில் 250 ஆர்பிஎம் வேகத்தில் 680 கிலோபாஸ்கலுக்குக் குறையாமல் இருக்கிறதா என்று பார்ப்பது, ரோட்டரின் முனைகளில் இருக்கும் அபெக்ஸ் சீல்களின் நலத்தை அறிய இன்றியமையாதது. ஆனால் கூலண்ட் சீல் போன எஞ்சினும் இந்தச் சோதனையில் நல்ல எண்களோடு தேறிவிடும். அந்த எண்களைக் காட்டி எஞ்சின் நன்றாக இருக்கிறது என்று முடிவு சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. ரேடியேட்டர் வாயில் வைத்துப் பார்க்கும் நீலத் திரவச் சோதனை இதைவிடப் பொருத்தமானது: எரிந்த வாயு கலந்திருந்தால் திரவம் மஞ்சளாகும். எனினும், டர்போ அழுத்தம் ஏறும்போது மட்டும் திறந்துகொள்ளும் சிறு கசிவு, நின்ற நிலையில் ஓடும் எஞ்சினில் இதற்குச் சிக்காமல் போகலாம்.

நான் முதலிடம் தருவது அழுத்தச் சோதனைக்கு. எஞ்சினைச் சூடாக்கி நிறுத்தி, நன்றாக ஆறிய பின், ரேடியேட்டர் மூடியில் பொறித்திருக்கும் அழுத்தத்துக்குக் கைப்பம்பால் ஏற்றி, ஓர் இரவு அப்படியே விட வேண்டும். காலையில் அழுத்தமானியின் முள் இறங்கியிருக்கிறதா என்று பார்த்து, எரிபொருளையும் இக்னிஷனையும் துண்டித்து, கீழ் வரிசையில் உள்ள லீடிங் பிளக்குகளைக் கழற்றி, துளைகளுக்கு எதிரே வெள்ளை அட்டை ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட்டரைச் சுழற்றுங்கள். ஒரு துளையிலிருந்து பச்சை நிறத் தூவல் அட்டையில் படிந்தால் எந்த ரோட்டர் என்பதும் சேர்ந்தே தெரிந்துவிடும். செலவு குறைவு, பொறுமை மட்டும் வேண்டும். முள் இறங்கியும் அட்டை உலர்ந்திருந்தால், எஞ்சினைப் பிரிப்பதற்கு முன் குழாய்களையும் வாட்டர் பம்ப்பையும் பாருங்கள். வண்டி எஃப்டி வகை (மூன்றாம் தலைமுறை) மாஸ்டா ஆர்எக்ஸ்-7 என்றால், கூலண்டிலிருந்து காற்றைப் பிரிக்கும், விரிசல் விடுவதற்குப் பேர்போன அந்தப் பிளாஸ்டிக் தொட்டியையும் பாருங்கள்.

அடுத்து, பழுதுநீக்கம். கசிவடைப்புத் திரவம் ஊற்றுவதை நான் ஒரு வழியாகவே எண்ணுவதில்லை. எரிப்பின் அழுத்தம் ஒவ்வொரு சுற்றிலும் இடிக்கும் இடத்தில் அது நிலைக்காது. ரேடியேட்டரின் நுண்குழாய்களில் படிந்து, அடுத்த கொதிப்புக்கு வழி செய்துவிடும்.

எஞ்சினைப் பிரிப்பதென்று முடிவானால், தயாரிப்பாளரின் ரப்பர் சீலா, டெஃப்லான் உறையிட்ட சீலா என்ற விவாதம் வரும். டெஃப்லான் உறை வெப்பத்தை நன்கு தாங்கும், பந்தய எஞ்சின்களில் அதற்கு மதிப்பு உண்டு. ஆனால் அது ரப்பரைவிட விறைப்பானது, அரிப்புக் குழிகள் உள்ள பரப்பில் ரப்பர் அளவுக்கு நிரவி அமராது. சாலையில் ஓடும் வண்டிக்குத் தயாரிப்பாளரின் சீலையே, பெட்ரோலியம் ஜெல்லி தடவிப் பள்ளத்தில் நிறுத்தி, பொருத்துவதை நான் பரிந்துரைப்பேன். பழைய சீலை மீண்டும் பயன்படுத்தவே கூடாது.

உண்மையில் சீலின் வகையைவிட அது அமரும் பள்ளமே முக்கியம். 1986 மாடலிலிருந்து இந்தப் பள்ளம் வார்ப்பிரும்புத் தட்டில் வெட்டப்படுகிறது. பள்ளத்துக்கும் எரியறைக்கும் இடையே நிற்கும் மெல்லிய சுவர் துருவால் உதிர்ந்தோ விரிசல் விட்டோ இருந்தால், எந்தச் சீலைப் போட்டாலும் சில மாதங்களில் அதே வெண்புகை திரும்பும். பள்ளத்தைச் சுத்தம் செய்து, சுவர் முழுவதையும் நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் சிக்கும் இடத்தை விளக்கடியில் ஆராயுங்கள். தட்டின் வளைவு 0.04 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. சுவர் போன தட்டுக்கு மாற்றுத் தட்டு வாங்குவதே நேர்மையான வழி.

பயன்படுத்திய எஞ்சினை வாங்கி மாற்றுவது விரைவானது. சில நேரம் மலிவானதும்கூட. ஆனால் அதன் சீல்களுக்கும் உங்கள் எஞ்சினின் சீல்களுக்கும் ஏறக்குறைய ஒரே வயதுதான். விற்பவர் கம்ப்ரஷன் எண்களைத் தாளில் எழுதிக் கொடுப்பார். அதை வாங்கி வைத்துக்கொண்டு, எஞ்சின் தரையில் இருக்கும்போதே நீர்வழிகளை அடைத்து, ஓர் இரவு அழுத்தம் ஏற்றி வைத்துப் பார்க்க ஒப்புக்கொள்கிறாரா என்று கேளுங்கள். மறுத்தால் அந்தப் பணத்தைப் புதிய தட்டுகளுக்கே செலவிடலாம்.