பழைய ஸ்டாக் கார் கிட் வாங்குவோர் கவனத்துக்கு: என் 412 டாலர் போன விதம்

கடந்த வியாழக்கிழமை மாலை என் வீட்டு வாசலுக்கு வந்த ஓர் அட்டைப்பெட்டியைத் திறந்த கணத்திலிருந்து இன்றுவரை என் கோபம் அடங்கவில்லை. 412 டாலர் கொடுத்து நான் வாங்கிய பழைய மாடல் கார் கிட் (பாகங்களைச் சேர்த்துக் கட்டும் தொகுப்பு) அந்தப் பெட்டிக்குள் இல்லை. பழைய பந்தயக் கார்களைச் சிறிய அளவு மாடலாகக் கட்டும் தமிழர்கள் எங்கள் சார்லட் பக்கத்திலும் பிற ஊர்களிலும் சிலராவது இருப்பீர்கள் என்பதால் நடந்ததை முழுமையாக எழுதுகிறேன். வாங்கும் முன் எவற்றைப் பார்க்க வேண்டும் என்பதையும் முடிவில் சொல்கிறேன்.

நான் கட்ட விரும்பியது 1970 பிப்ரவரியில் டேட்டோனா 500 பந்தயத்தை வென்ற 40ஆம் எண் பிளிமத் சூப்பர்பேர்ட். புகழ்பெற்ற ஓட்டுநர் ரிச்சர்ட் பெட்டியின் (Petty) குடும்பக் குழுவுக்காகப் பீட் ஹாமில்டன் ஓட்டிய கார் அது. அதே ஆண்டு டல்லடேகாவில் நடந்த இரண்டு பந்தயங்களையும் அவரே வென்றார். ரிச்சர்ட் பெட்டியின் 43ஆம் எண் காரைக் கட்டுவோர் நிறையப் பேர் இருக்கிறார்கள், 40ஐ நினைப்போர் குறைவு. கூரிய மூக்கும் பின்புறம் உயர்ந்து நிற்கும் இறக்கையும் இருந்துவிட்டால் சூப்பர்பேர்ட் ஆகிவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள், ஆனால் பந்தயக் காரைச் சரியாகக் கட்டுவது அவ்வளவு எளிதன்று. பந்தயத்தில் ஓட்ட அனுமதி கிடைக்க வேண்டுமானால் பொதுமக்களுக்கும் விற்றாக வேண்டும் என்ற, ஸ்டாக் கார் பந்தயங்களை நடத்தும் நாஸ்கார் அமைப்பின் விதியால் 1,900க்கும் மேற்பட்ட சூப்பர்பேர்ட்கள் கடைகளுக்கு வந்தன. பின்கண்ணாடியைச் சுற்றிப் புதிதாகப் பற்றவைத்த இணைப்புகள் கண்ணுக்குத் தெரியாதிருக்க அந்தக் கார்களின் கூரையில் வினைல் என்ற சொரசொரப்பான பிளாஸ்டிக் உறையை ஒட்டினார்கள். பந்தயக் காரில் அந்த வினைல் கிடையாது. ஓட்டுநர் பக்க ஜன்னலில் வலையும் கிடையாது, ஏனெனில் அந்த ஆண்டு மே மாதம் டார்லிங்டனில் ரிச்சர்ட் பெட்டியின் கார் உருண்டு, அவர் கை ஜன்னலுக்கு வெளியே தொங்கிய விபத்துக்குப் பிறகே நாஸ்கார் ஜன்னல் வலையைக் கட்டாயமாக்கியது. பிப்ரவரி மாதக் காரில் வலையை மாட்டினால் அது பிழை.

இந்த ஒரு காருக்காக எட்டு மாதம் பணம் சேர்த்தேன். லெவல் கிராஸில் உள்ள பெட்டி குடும்பத்தின் அருங்காட்சியகத்துக்கு இரண்டு முறை போய் அந்தக் குழுக் கார்களின் நீலத்தைக் கண்ணால் பார்த்து வந்து, பிளாஸ்டிக் கரண்டிகளில் ஏர்பிரஷால் அடித்து அடித்து, பதினேழாவது கரண்டியில்தான் மனம் ஒப்பும் நிறம் வந்தது. மீதமிருந்தது கிட் ஒன்றுதான். டெட்ராய்ட்டின் ஜோ-ஹான் நிறுவனம் அந்தக் காலத்தில் வெளியிட்ட 1/25 அளவு சூப்பர்பேர்ட் கிட், உள்ளே இருக்கும் பைகள் உடையாத நிலையில், எனக்கு வேண்டியிருந்தது.

பழைய பொருட்களைத் தனியார் விற்கும் ஒரு பெரிய இணையச் சந்தையில் அது கண்ணில் பட்டது. கிட்டுடன் பந்தயச் சக்கரங்களுக்கான ரெசின் (ஊற்றினால் இறுகும் பிசின்) வார்ப்புகளும், 40ஆம் எண் காருக்கான டெக்கால் தாளும் (நீரில் நனைத்து ஒட்டும் எண், எழுத்துப் படலம்) சேர்த்து 340 டாலர் என்று போட்டிருந்தார்கள். நான் கேள்வி அனுப்பிய அன்றிரவே விற்பவர் தொலைபேசியில் அழைத்தார். நாற்பது நிமிடம் பேசினோம். கூரையில் வினைல் இருக்கக் கூடாது என்பதை நான் சொல்வதற்கு முன்பே அவர் சொன்னார். ஜன்னல் வலையைப் பற்றியும் அவரே எடுத்துரைத்தார். தம் தந்தை டார்லிங்டன் பந்தயங்களுக்குத் தம்மைத் தோளில் தூக்கிச் சென்றதை விவரித்தார். நீல நிறத்தின் மேல் வெள்ளை எண் எடுப்பாகத் தெரிய வேண்டுமானால் டெக்கால் வெள்ளை மையில் அச்சாகியிருக்க வேண்டும், வீட்டு இங்க்ஜெட் அச்சுப்பொறிகளில் வெள்ளை மை கிடையாது, ஆகவே தம் தாள் வெள்ளையும் அச்சிடும் பழைய ஆல்ப்ஸ் (ALPS) அச்சுப்பொறியில் எடுத்தது என்று அவர் விளக்கியபோது என் ஐயமெல்லாம் தீர்ந்துபோயிற்று. இவ்வளவு தெரிந்தவர், இந்தக் கார்களை இவ்வளவு நேசிப்பவர், என்னை ஏமாற்ற மாட்டார் என்று நம்பினேன். நான் தவறியது அந்த இடத்தில்தான்.

சந்தை பிடிக்கும் கட்டணம் வீண் செலவு என்றும், பணம் அனுப்பும் செயலி ஒன்றில் நண்பர்களுக்கும் குடும்பத்தினருக்கும் அனுப்பும் முறையில் நேரடியாக அனுப்பினால் சக்கரங்களில் இன்னொரு தொகுப்பும் தருவதாகவும் அவர் சொன்னார். அனுப்பும் செலவுக்கும் காப்பீட்டுக்கும் 72 டாலர் கேட்டார். மொத்தம் 412 டாலரை அன்றிரவே அனுப்பினேன்.

பதினொரு நாள் கழித்துப் பெட்டி வந்தது. அட்டை அசலானதே, ஆனால் மேலே சுற்றியிருந்த உறை புதிதாக வெப்பத்தில் சுருக்கியது. உள்ளே கிட்டின் பைகள் இல்லை. உடல் பாகம் பிளாஸ்டிக்கில் வார்த்ததன்று; யாரோ ஒரு மாடலை அச்செடுத்து ஊற்றிய மஞ்சளித்த ரெசின் நகல். ரெசின் இறுகும்போது சற்றுச் சுருங்கும், நகலிலிருந்து நகல் எடுத்தால் மேலும் சுருங்கும் என்பது எனக்குத் தெரியும் என்பதால் உடனே வெர்னியர் அளவியை எடுத்தேன். உண்மைக் காரில் முன் சக்கர மையத்திலிருந்து பின் சக்கர மையம் வரை ஏறத்தாழ 116 அங்குலம், ஆகவே 1/25இல் அது சுமார் 118 மில்லிமீட்டர் வர வேண்டும். எனக்கு வந்ததில் 115 மில்லிமீட்டர்தான் இருந்தது. இதற்கான சேசிஸ் (அடிச்சட்டம்) எதுவும் இதில் பொருந்தாது. கூரையில் விரலை வைத்தால் வினைலின் சொரசொரப்பு தெளிவாகத் தட்டுப்பட்டது. வினைல் கூடாது என்று எனக்குப் பாடம் எடுத்த அதே மனிதர் அதைத்தான் அனுப்பியிருந்தார்.

டெக்கால் தாளின் ஓரத்தில் இருந்த சிறு எழுத்து ஒன்றை வெட்டித் தண்ணீரில் போட்டுப் பார்த்தேன். அரை நிமிடத்தில் மை கரைந்து நீரில் பரவியது. அது வெள்ளைப் படலத்தில் எடுத்த சாதாரண இங்க்ஜெட் அச்சு, மேலே பாதுகாப்புப் பூச்சுகூடப் பூசப்படவில்லை. சக்கரங்களில் ஒன்று உடைந்திருந்தது. கூடுதலாகத் தருவதாகச் சொன்ன தொகுப்பு பெட்டியில் இல்லவே இல்லை.

அன்றிரவே படங்களுடன் அவருக்கு எழுதினேன். அஞ்சலில் சேதமாகியிருக்கும் என்று பதில் வந்தது. கார் அஞ்சலில் மூன்று மில்லிமீட்டர் சுருங்குமா என்று கேட்டதற்கு, பெட்டியைத் திறந்துவிட்டதால் திரும்பப் பெற இயலாது என்றார். காப்பீட்டுச் சீட்டின் நகலைக் கேட்டேன். அதன் பிறகு அவரிடமிருந்து ஒரு வரியும் வரவில்லை, என் எண்ணிலிருந்து போகும் அழைப்பும் இப்போது அவருக்குக் கிடைப்பதில்லை. இணையச் சந்தையில் புகார் அளித்தபோது, பணப் பரிமாற்றம் தங்கள் வழியாக நடக்காததால் தங்களுக்குப் பொறுப்பில்லை என்று முன்னரே எழுதி வைத்த ஒரு பத்தியை அனுப்பினார்கள். மறுபடி எழுதியபோதும் அதே பத்திதான், பெயர் மட்டும் வேறு. செயலி நிறுவனத்தார், நண்பருக்கு அனுப்புவதாக நீங்களே தேர்ந்தெடுத்தீர்கள், அத்தகைய பணத்துக்குப் பாதுகாப்பு இல்லை என்றார்கள். வங்கியில் ஐம்பது நிமிடம் காத்திருந்த பின் பேசிய பெண்மணி, நீங்களே ஒப்புதல் கொடுத்த பணம் ஐயா, நாங்கள் எதுவும் செய்வதற்கில்லை என்று முடித்துக்கொண்டார். நால்வரும் ஒருவரையொருவர் கைகாட்டியதில் 412 டாலர் போயே போய்விட்டது. அந்த மனிதரின் விற்பனைப் பக்கம் இன்றும் திறந்திருக்கிறது. அதே அட்டைப்பெட்டியின் படத்தைப் போட்டு 43ஆம் எண் தொகுப்பு ஒன்றை இப்போது விற்கிறார்.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை இவை. நண்பர் குடும்பம் என்ற முறையில் முன்பின் தெரியாதவருக்குப் பணம் அனுப்பாதீர்கள். அட்டைப்பெட்டியின் படத்தோடு நில்லாமல், உடல் பாகத்தின் உட்புறத்தையும், அதன் பக்கத்தில் அளவுகோலை வைத்தும், அன்றைய தேதி எழுதிய தாளோடு எடுத்த படம் கேளுங்கள். பெட்டியைத் திறக்கும்போது தொடக்கத்திலிருந்தே காணொளி எடுங்கள், நான் எடுக்கவில்லை. டெக்கால் வெள்ளை மையில் அச்சானது என்று யாராவது சொன்னால், ஒரு துண்டைக் கருநீலத் தாளின் மேல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். விற்பவருக்கு டேட்டோனாவும் டார்லிங்டனும் எவ்வளவு தெரிந்திருந்தாலும் பணம் அனுப்பும் வழியை மாற்றாதீர்கள்.

செயலி நிறுவனத்துக்கு இன்று காலை அளவெடுத்த படங்களுடன் இரண்டாம் முறையாக எழுதியிருக்கிறேன். அந்த 412 டாலரில் ஏதேனும் திரும்பி வந்தால் இங்கேயே எழுதுகிறேன்.