எஃப்னா ஃபாஸ்ட்டாம், ப்ரோ!

வீடியோ எடிட்டிங்குக்காக கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ணக் கொடுக்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். நான் ஏமாந்தது ஒரே ஒரு எழுத்தில்.

கிளிப்களை வெட்டி ஒட்டும் டைம்லைனில் வேலை செய்யும்போது பெரிய குறை தெரியவில்லை. எடிட் செய்ததை முழு வீடியோவாக வெளியே எடுக்க எக்ஸ்போர்ட் கொடுத்தால்தான் வினை. 20 நிமிட 4கே வீடியோ வெளியே வர 2 மணி 40 நிமிடம் ஆனது. முதல் சில நிமிடங்கள் நன்றாகவே ஓடும், பிறகு நொண்டும். இந்த ‘பிறகு நொண்டும்’ என்பதை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

அசெம்பிள் செய்து தந்தவரிடம் தூக்கிக்கொண்டு போனேன். முதல் தடவை விண்டோஸ் மேல் பழி போட்டு ஃபார்மட் அடித்தார், அதற்குத் தனிக் காசு. அடுத்த தடவை “ரேம் பத்தல ப்ரோ” என்று இன்னொரு 16 ஜிபி ரேமைத் தலையில் கட்டினார். மூன்றாவது தடவை, “ஹார்ட் டிஸ்க்ல எழுதினா இப்படித்தான், என்விஎம்இ போட்டுருவோம்.” ஹார்ட் டிஸ்க்கைவிட வேகமாக எழுதும் அந்தச் சேமிப்பகத்தையும் போட்டோம். நேரம் குறைந்தபாடில்லை.

வீட்டுக்கு வந்துதான் கணக்குப் போட்டேன். நான் எக்ஸ்போர்ட் செய்வது 50 எம்பிபிஎஸ் பிட்ரேட்டில், அதாவது விநாடிக்கு 50 மெகாபிட். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட், அதனால் எட்டால் வகுத்தால், ஒரு விநாடி வீடியோவுக்கு 6.25 எம்பி. சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க்கே விநாடிக்கு 100 எம்பிக்கு மேல் எழுதும். அதில் ஒரு குறையும் இருந்திருக்கவில்லை!

அன்றிரவு எக்ஸ்போர்ட் ஓடும்போதே டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். ப்ராசஸர் 100 சதவீதம். பெயரைப் பார்த்தால் ஐ5-12400எஃப். பில்லை எடுத்துப் பார்த்தேன், அதில் ஐ5-12400. பெட்டிகளை எல்லாம் “வாரண்டிக்கு நாங்களே வச்சுக்கிறோம்” என்று அவர் எடுத்துக்கொண்டதன் பொருள் அப்போதுதான் விளங்கியது.

இரண்டுக்கும் ஆறு கோர்தான், வேகமும் ஒன்றுதான். ஆனால் எஃப் போட்ட இன்டெல் ப்ராசஸரில் உள்ளிருக்கும் கிராபிக்ஸ் வேலை செய்யாது. வீடியோவைச் சுருக்கிக் கோப்பாக்கும் வேலையை, அதாவது என்கோடிங்கை, சடசடவென்று செய்யும் குவிக் சிங்க் அந்த கிராபிக்ஸோடு சேர்ந்த வசதி. அது போனால் இதுவும் போச்சு. சரி, தனி கிராபிக்ஸ் கார்டு இருக்கிறதே என்றால், பில்லில் வெறும் ‘4 ஜிபி கார்டு’ என்று எழுதித் தந்தது ஆர்எக்ஸ் 6400. எச்.264 என்ற பரவலான வடிவத்தில் உள்ள வீடியோவை ஓட்டிப் பார்க்க உதவும், என்கோட் செய்ய அதில் எந்த ஏற்பாடும் கிடையாது. கேம் ஆடுபவருக்கு இது ஒரு குறையே இல்லை. எடிட்டிங்குக்கு என்று சொல்லி வாங்கியவனுக்கு இதைத் தருவதா? எக்ஸ்போர்ட் செட்டிங்கில் ஹார்ட்வேர் என்கோடிங் ஏன் மங்கலாகவே கிடந்தது என்பதற்கு விடை கிடைத்துவிட்டது. மொத்த பாரமும் ப்ராசஸர் தலையில்.

அந்தத் தலையும் கொதித்துக்கொண்டிருந்தது. சூட்டைக் காட்டும் எச்டபிள்யூ இன்ஃபோ மென்பொருளில் பார்த்தால் 100 டிகிரி. அந்தச் சூட்டில் ப்ராசஸர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். கேபினட்டைத் திறந்தேன். கூலரை மதர்போர்டில் அழுத்தி மாட்டும் நான்கு பின்களில் ஒன்று உள்ளேயே போகவில்லை, கூலர் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருந்தது. புதிதாக விற்ற ரேமையும் முதல் ரேமுக்கு ஒட்டினாற்போலச் சொருகியிருந்தார். இரண்டும் ஒரே சேனல், அதாவது ப்ராசஸருக்குப் போகும் ஒரே பாதை. ஒன்று விட்டு ஒன்று, இரண்டாவது நான்காவது ஸ்லாட்டில் போட்டிருக்க வேண்டும். கம்ப்யூட்டரின் அடிப்படை செட்டிங்கான பயாஸில், ரேமை அதன் முழு வேகத்தில் ஓட வைக்கும் எக்ஸ்எம்பியும் ஆன் செய்யவில்லை. 3200 ரேம் 2133-ல் ஊர்ந்துகொண்டிருந்தது. (ரேம் வேகத்தை சிபியு-இசட் மென்பொருளில் பார்ப்பவர்களுக்கு: அது பாதி எண்ணைத்தான் காட்டும், 1066 என்றிருந்தால் 2133. நான் முதலில் இதிலும் குழம்பினேன்.)

ப்ராசஸரின் சூட்டைக் கூலருக்குக் கடத்தும் பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாகத் தடவி, பின்னை ‘டக்’ என்று சத்தம் வர அழுத்தி, ரேமை இடம் மாற்றி, எக்ஸ்எம்பியை ஆன் செய்தேன். அதே வீடியோ 1 மணி 5 நிமிடத்தில் முடிந்தது. செலவு, பேஸ்ட்டுக்கு மட்டும்.

மறுநாள் பில்லோடு போய் நின்றேன். “எஃப்னா ஃபாஸ்ட் ப்ரோ, உங்களுக்கு நல்லதைத்தான் போட்டிருக்கேன்” என்றார், கண் இமைக்காமல். கிராபிக்ஸ் கார்டைக் கழற்றிவிட்டு மதர்போர்டின் எச்டிஎம்ஐயில் மானிட்டரைச் சொருகச் சொன்னேன். திரை கறுப்பாகவே நின்றது. அதற்குப் பிறகுதான் சுருதி இறங்கியது. வாங்கும் இடத்திலேயே, பணம் கொடுக்குமுன், இதைச் செய்து பாருங்கள். டாஸ்க் மேனேஜரில் ப்ராசஸர் பெயரை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். பெட்டிகளை விட்டுவிட்டு வராதீர்கள்.

ப்ராசஸரை மாற்றித் தந்தார். பயாஸில் உள் கிராபிக்ஸையும் கார்டோடு சேர்த்து இயங்கும்படி ஆன் செய்ததும் குவிக் சிங்க் வந்தது, இப்போது 18 நிமிடம். ரேம், என்விஎம்இ, ஃபார்மட் காசு எதையும் திருப்பித் தரவில்லை. புது பில் கேட்டேன். ‘ஐ5 ப்ராசஸர் – 1’ என்று எழுதி நீட்டினார். முழு மாடல் எண்ணை எழுதும்வரை நான் அங்கிருந்து நகரவில்லை.