நெட் இருக்கிறது, பக்கம் திறக்கவில்லை: ரீஸ்டார்ட்டா, டிஎன்எஸ் மாற்றமா, ரீசெட்டா?

ரவுட்டரில் விளக்குகள் எல்லாம் பச்சையாக எரிகின்றன, வாட்ஸ்அப்பில் செய்திகளும் வந்துகொண்டிருக்கின்றன. ஆனால் உலாவியில் எந்தத் தளத்தின் பெயரைத் தட்டினாலும் வெள்ளைத் திரை வெகுநேரம் சுழன்றுவிட்டு, முகவரியைக் கண்டறிய முடியவில்லை என்று சொல்லி நின்றுவிடுகிறது. இந்தக் கோளாறுக்கு வீடுகளில் மூன்று வைத்தியங்கள் வழக்கத்தில் உள்ளன. ரவுட்டரை அணைத்துப் போடுவது ஒன்று, தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித்தரும் டிஎன்எஸ் சேவையின் முகவரியை மாற்றுவது மற்றொன்று, ரவுட்டரின் பின்புறத் துளைக்குள் ஊசியை விட்டு ரீசெட் செய்வது மூன்றாவது. மூன்றும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன என்று பலரும் எண்ணுகிறார்கள். அந்த எண்ணத்தால் எங்கள் வீட்டில் இரண்டு நாள் இணைப்பு இல்லாமல் போனது. என் தந்தை நல்லெண்ணத்தோடு சேலை ஊசியால் அந்தத் துளையைப் பத்து விநாடி அழுத்தினார். ரவுட்டருக்குள் பதிந்திருந்த, சேவை நிறுவனத்தோடு இணையத் தேவையான பிபிபிஓஇ பயனர் பெயரும் கடவுச்சொல்லும் அழிந்துபோயின. அவற்றை எழுதிவைத்த சீட்டு வீட்டில் எங்குமே இல்லை.

எந்த வைத்தியத்தைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு முன், கோளாறு பாதையிலா பெயரிலா என்று பார்த்துவிட வேண்டும். இதற்கு ஒரு நிமிடம் போதும். கணினியில் கட்டளைச் சாளரத்தைத் திறந்து கூகுளின் 8.8.8.8 என்ற எண்ணுக்கு பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சிறு சோதனைச் செய்தி) அனுப்புங்கள். பதில் வந்து, அதே சமயம் ஒரு தளத்தின் பெயருக்கு அனுப்பும் பிங் மட்டும் தோற்றால், பாதை சரியாக இருக்கிறது, பெயரை எண்ணாக மாற்றித்தரும் டிஎன்எஸ்தான் படுத்துவிட்டது என்று பொருள். ஏற்கெனவே அமைந்த தொடர்பை வாட்ஸ்அப் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதால், அது புதிதாகப் பெயரைத் தேட வேண்டியதில்லை. செய்திகள் வருவதன் காரணம் அதுவே. எண்ணுக்கும் பதில் இல்லை, கணினியின் ஐபி முகவரியும் 169.254 என்று தொடங்குகிறது என்றால், ரவுட்டரிடமிருந்து உங்கள் கணினிக்கு முகவரியே கிடைக்கவில்லை. ஃபைபர் பெட்டியில் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளியிழையில் ஒளி வரவில்லை. அப்போது நீங்கள் எதையும் தொட வேண்டாம், சேவை நிறுவனத்தை அழைப்பதே வழி.

ரீஸ்டார்ட் எளியது, யாரும் செய்யலாம், எந்த அமைப்பும் அழியாது. முப்பது விநாடி மின்சாரத்தை நிறுத்திவிட்டு, ஃபைபர் பெட்டி தனியாக இருந்தால் அதை முதலில் போட்டு, அதன் விளக்குகள் நிலைத்த பிறகு ரவுட்டரைப் போட வேண்டும். உள்ளே திணறிக்கொண்டிருந்த டிஎன்எஸ் நிரல் புதிதாகத் தொடங்கும். இணைப்பும் புதிதாக அமையும். இதன் குறை, காரணத்தையும் சேர்த்துத் துடைத்துவிடுவதுதான். மாதம் ஒருமுறை தேவைப்பட்டால் பொறுத்துக்கொள்ளலாம். தினமும் மாலை ஏழு மணிக்குத் தேவைப்படுகிறது என்றால் அது தீர்வு ஆகாது. அடுத்ததற்குப் போக வேண்டும்.

டிஎன்எஸ் மாற்றத்தில் முதல் கேள்வி, எங்கே மாற்றுவது என்பது. கருவியில் மாற்றினால் அந்தக் கருவிக்கு மட்டும் பொருந்தும், பிடிக்காவிட்டால் உடனே பழையபடி வைத்துவிடலாம்; சோதனைக்கு இதுவே உகந்தது. ரவுட்டரில் மாற்றினால் தொலைக்காட்சி உட்பட வீடு முழுவதும் பயன்பெறும். ஆனால் அதற்கு 192.168.1.1 போன்ற முகவரியில் திறக்கும் நிர்வாகப் பக்கத்தின் கடவுச்சொல் வேண்டும்; சேவை நிறுவனங்கள் தரும் சில ரவுட்டர்களில் அந்தப் பகுதியே பூட்டப்பட்டிருக்கும். மாற்றிய பின் ஒவ்வொரு கருவியையும் வைஃபையிலிருந்து துண்டித்து மீண்டும் இணைக்காவிட்டால், பழைய முகவரியையே அவை பிடித்துக்கொண்டிருக்கும்.

பலர் இடறுகிற இடம், இணைய முகவரிகளின் புதிய வடிவமான ஐபிவி6; பழையது ஐபிவி4. இன்று நம் இணைப்புகள் பலவற்றில் ஐபிவி4, ஐபிவி6 இரண்டும் சேர்ந்தே வருகின்றன. ஐபிவி4 பெட்டியில் மட்டும் புதிய எண்ணை எழுதினால், ரவுட்டர் வழங்கும் ஐபிவி6 டிஎன்எஸ் பின்னணியில் தொடர்ந்து வேலை செய்யும். "மாற்றியும் பயனில்லை" என்ற முடிவுக்கு நீங்கள் தவறாக வந்துவிடுவீர்கள். கூகுளின் டிஎன்எஸ்ஸுக்கு 2001:4860:4860::8888, கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் டிஎன்எஸ்ஸுக்கு 2606:4700:4700::1111 என்று ஐபிவி6 பெட்டியிலும் எழுத வேண்டும்.

ஆண்ட்ராய்டு 9 முதல் உள்ள பிரைவேட் டிஎன்எஸ் வசதி மறையாக்கம் செய்த டிஎன்எஸ்ஸைத் தருகிறது. நான் அதை மதிக்கிறேன். ஆயினும் அதில் ஒரு டிஎன்எஸ் சேவையகத்தின் பெயரைக் குறிப்பிட்டு எழுதிவைத்தால், மொபைல் டேட்டா, விடுதி வைஃபை எங்கு போனாலும் அது கூடவே வரும். அந்த வசதி வழக்கமாகப் பயன்படுத்தும் 853ஆம் போர்ட்டை (இணைப்பு வாயிலை) அங்கே தடுத்திருந்தால், போனில் ஒரு பக்கமும் திறக்காமல் போகலாம். வீட்டில் நன்றாக இருந்த போன் வெளியூரில் நின்றுபோனால், அமைப்புகளில் முதலில் இதைப் பாருங்கள்.

அடுத்து, யாருடைய டிஎன்எஸ்? 2009 டிசம்பரில் வந்த கூகுளின் 8.8.8.8, 2017 நவம்பரில் வந்த குவாட்9 அமைப்பின் 9.9.9.9, 2018 ஏப்ரல் 1 அன்று வந்த கிளவுட்ஃபிளேரின் 1.1.1.1 ஆகிய மூன்றும் பரவலாக அறியப்பட்டவை. இவற்றுள், தீங்கான தளங்களின் பெயர்களுக்குப் பதில் தர மறுக்கும் குவாட்9ஐ, மோசடி இணைப்புகளை நம்பித் தட்டிவிடும் முதியவர்கள் இருக்கும் வீட்டுக்கு நான் பரிந்துரைப்பேன். 1.1.1.1 எண்ணைச் சில பழைய கருவிகள் தங்கள் உள்வேலைக்கு எடுத்துக்கொண்டிருப்பதால், அவ்விடங்களில் அது எட்டாது. எந்தப் பொது டிஎன்எஸ்ஸும் விழாது என்று எண்ண வேண்டாம். 2025 ஜூலை 14 அன்று 1.1.1.1 உலகெங்கும் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலாகச் செயலிழந்திருந்தது. ஆகவே மாற்று டிஎன்எஸ்ஸுக்கான இரண்டாம் பெட்டியில் வேறொரு நிறுவனத்தின் எண்ணை எழுதலாம். குவாட்9உக்கு மட்டும் அப்படிச் செய்யக் கூடாது. இரண்டில் எதைக் கருவி கேட்கும் என்று உறுதியில்லாததால் வடிகட்டல் ஓட்டையாகிவிடும். அதற்கு அதே அமைப்பின் 149.112.112.112 இருக்கிறது.

சேவை நிறுவனத்தின் சொந்த டிஎன்எஸ்ஸை ஏளனம் செய்வது நியாயமன்று. காணொளித் தளங்கள் தங்கள் கோப்புகளின் நகலை அந்நிறுவனத்தின் வலையமைப்புக்குள்ளேயே வைத்திருக்கும் இடங்களில், அருகிலுள்ள நகலை அது சரியாகக் காட்டும். பக்கங்கள் ஒழுங்காகத் திறக்கும் வீட்டில் அதை மாற்ற வேண்டிய தேவை இல்லை.

டிஎன்எஸ் மாற்றியும் சில தளங்கள் திறக்க, சில மட்டும் பாதியில் நின்றால், ரவுட்டரில் எம்டியூ அளவை, அதாவது ஒரே தடவையில் அனுப்பும் தரவுத் துண்டின் உச்ச அளவைப் பாருங்கள். வழக்கமான 1500 பைட்டில் 8 பைட்டை பிபிபிஓஇ எடுத்துக்கொள்வதால் அது 1492 என்று இருக்க வேண்டும். எல்லாத் தளங்களிலும் சான்றிதழ் எச்சரிக்கை வந்தால், கணினியின் தேதி பிழையாக இருக்கிறதா என்று பாருங்கள்.

ரீசெட் முறையான தேர்வாக இருக்கும் சந்தர்ப்பங்கள் இரண்டே. நிர்வாகக் கடவுச்சொல் மறந்துபோனது ஒன்று. ரவுட்டருக்குள் நீங்கள் எழுதாத, சேவை நிறுவனமும் அறியாத டிஎன்எஸ் எண்கள் இருப்பது மற்றொன்று, அது விளையாட்டல்ல. டிஎன்எஸ்சேஞ்சர் என்ற தீநிரல் பல நாடுகளில் கணினிகளின் டிஎன்எஸ் எண்களை மாற்றிவைத்தது; அதை நடத்தியவர்களை 2011 நவம்பரில் பிடித்த பிறகும், பாதிக்கப்பட்டோர் இணைப்பு இழக்காதிருக்கத் தற்காலிகச் சேவையகங்களை 2012 ஜூலை 9 வரை ஓட்ட வேண்டியிருந்தது. எளிய கடவுச்சொல் கொண்ட ரவுட்டர்களுக்குள்ளும் அது நுழைந்தது. அத்தகைய ஐயம் எழுந்தால் ரீசெட் செய்து, நிர்வாகக் கடவுச்சொல்லை உடனே மாற்றுங்கள். ஆனால் ஊசியைக் கையில் எடுக்கும் முன், சேவை நிறுவனத்தை அழைத்து பிபிபிஓஇ பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்டு வாங்கி, ஒரு தாளில் எழுதி ரவுட்டரின் அடியில் ஒட்டிவையுங்கள். எங்கள் வீட்டு ரவுட்டரின் அடியில் இப்போது என் தந்தையின் கையெழுத்தில் அந்தத் தாள் இருக்கிறது.